நான்காம் பகுதியில் இறந்தவள்

திரையில் அந்தப் பெண் இறந்துகொண்டிருந்தபோது என் மனைவி தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள். "என்னங்க, பேச்சையே காணோம். என்ன நடக்குது, சொல்லுங்க" என்றாள். கட்டிலில் கிடந்தவளின் கையை அவளுடைய அண்ணன் எடுத்துப் போர்வைக்குள் வைத்தான். தம்பி சுவரோடு சுவராக நின்றிருந்தான். எங்கள் இருவருக்கும் தெரியாத ஒரு மொழியில் அண்ணன் ஏதோ முனக, அதன் பொருள் எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் திரையின் அடியில் வந்து நின்றது. மூச்சு நின்றுவிட்டது என்று இருந்தது. அதைத் தமிழாக்கிச் சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும்.

"கிளம்பறா" என்றேன்.

"யாரு?"

"நடு அக்கா. வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. தீவை விட்டுக் கிளம்பறா."

"அதுக்கா இந்த அழுகை?"

"முதல் தடவையா போறாளாம்."

அவள் ஒரு மிடறு குடித்தாள். "நானா இருந்தா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாள்.

முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்தவன் நான். சாட்சி இருமினால் 'இருமுகிறார்' என்று அடித்தவன். கொலை செய்தவன் சொன்னதையும், செய்யப்பட்டவனின் அம்மா சொன்னதையும் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் தாளில் இறக்கி, நீதிபதி கேட்டால் அதே குரலில் திருப்பிப் படித்தவன். அந்தக் குரலை என் மனைவி 'கோர்ட்டுக் குரல்' என்பாள். அன்று பிற்பகல் அதே குரலில்தான் பொய் சொன்னேன். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் வேறொரு பொய்க்கு ஏற்கெனவே பழகியிருந்தேன். டயாலிசிஸ் அறைக்கு வெளியே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். உள்ளே போனதும், "என்ன சொல்றாரு?" என்று கேட்டவளிடம், "எல்லாம் அப்படியேதான் இருக்காம்" என்றேன். நேற்று ஒன்று சொல்லியிருந்ததால் இன்றையது தானாக வழுக்கிக்கொண்டு வந்தது.

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவளுடைய வலைப்பூவுக்கு இன்னும் ஆட்கள் வந்து போகிறார்கள்.

அவள் ஒரு சினிமா தியேட்டரில் இருபத்திரண்டு வருடம் டிக்கெட் கொடுத்தாள். படம் ஆரம்பித்த பிறகும் தாமதமாக வருகிறவர்களுக்காகக் கவுண்டர் திறந்தே இருக்கும். இடைவேளைக்குத்தான் மூடுவார்கள். அதன் பிறகு உள்ளே போய் ஓரமாக நின்று பார்ப்பாள். ஆக, அவள் தன் வாழ்நாளில் பார்த்த படங்களில் பெரும்பாலானவை பிற்பாதிகள். இந்த இரண்டு பேருக்கும் ஏன் பகை, இவளுக்கு ஏன் இவன் மேல் கோபம் என்பதையெல்லாம் முகத்தைப் பார்த்தே ஊகித்துக்கொள்வாள். வேலையிலிருந்து நின்ற பிறகு, தான் பார்த்த படங்களின் முதல் பாதிகளைத் தேடித் தேடிப் பார்த்தாள். பாதிக்கு மேல் ஏமாற்றம். "நான் நினைச்ச காரணம் இதைவிட நல்லாருந்துச்சு" என்பாள். அப்படித்தான் எழுத ஆரம்பித்தாள். 'டிக்கெட்டுக்காரி' என்பது அவள் வைத்துக்கொண்ட பெயர். நட்சத்திரமெல்லாம் கொடுப்பதில்லை. எழுந்து போகலாம், இருக்கலாம், தண்ணீர் குடிக்கக்கூட எழ வேண்டாம் என்று அவளுக்கு மூன்றே அளவுகள்.

ஒரு துப்பறியும் தொடரைப் பற்றி எழுதினாள்: "பத்துப் பகுதியிலும் மழை. கொன்றது யாரென்று மூன்றாம் பகுதியிலேயே தெரிந்துவிட்டது. மழை எப்போது நிற்கும் என்பதுதான் கடைசிவரை மர்மம். எழுந்து போகலாம்." விண்வெளிக்குப் போகும் ஆறு பேரைப் பற்றிய படத்துக்கு: "இரண்டு வருடம் ஒரே கலத்துக்குள் அடைந்து கிடக்கிறார்கள். ஒருவர்கூடக் குளியலறைக்காகச் சண்டை போடவில்லை. ராக்கெட்டை நம்பிவிட்டேன், இதை நம்ப முடியவில்லை." பெரிய நடிகர் ஒருவரின் காதல் படத்தைப் பற்றி: "நாயகன் அழும்போதெல்லாம் காமிரா ஜன்னல் பக்கம் போய்விடுகிறது. அவருக்கு அழ வராது என்பது காமிராக்காரருக்குத் தெரிந்திருக்கிறது." முந்நூறு பேர் படித்தார்கள். 'கடைசி வரிசை' என்ற பெயரில் ஒருவர் தவறாமல் பின்னூட்டம் போடுவார். "அக்கா, இந்தத் தடவை உங்களோட ஒத்துப்போக முடியலை" என்று அவர் ஆரம்பித்தால் அன்றைக்கு அவளுக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கும்.

பிறகு சர்க்கரை கண்ணுக்குப் போனது, அதற்குப் பின் சிறுநீரகத்துக்கு. இடது கண் ஒரு வாரத்தில், வலது கண் ஒரு வருடத்தில். வலைப்பூவை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் விரும்பவும் செய்தேன். எனக்கு எப்போதுமே படம் பிடிக்காது. ஆனால் அவள் என் நாற்காலியைத் தன் நாற்காலியோடு ஒட்டிப் போடச் சொன்னாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் பாக்கறேன்" என்றாள். பார்வை போன விஷயத்தை வாசகர் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்பது கட்டளை. "அப்புறம் பாவம் பாத்துப் பாராட்டுவாங்க. அந்தக் கருமம் எனக்கு வேணாம்."

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி. மீதி நான்கு நாளும் அந்த அறை. திரையில் வெளிச்சம் விழுந்தால் எனக்குக் கண் கூசும் என்பதால் திரைச்சீலையை இழுத்து மூடியிருப்போம். காலையில் மூன்று மணி நேரம், பிற்பகல் மூன்று மணி நேரம். அவள் கை என் மணிக்கட்டின் மேல் இருக்கும். நான் கண்ணயர்ந்தால் நாடித்துடிப்பிலேயே கண்டுபிடித்துக் கிள்ளுவாள். மூன்று மாடிக்குக் கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவதும், ஒரு வண்டி பின்பக்கமாக வருவதும், மழை பிடிப்பதும் விடுவதும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருக்கும். நான் இந்தப் பக்கம் முன்பின் தெரியாத மனிதர்கள் கதவைத் திறப்பதையும் மூடுவதையும் சொல்லிக்கொண்டிருப்பேன். மருந்து வாங்கக் கீழே போனால் கால் மணி நேரம். தெருமுனையில் நின்று ஒன்றுமே சொல்லாமல் சும்மா பார்த்துவிட்டு வருவேன். அதுவும் முடியவில்லை. ஒருவர் குடையை மடக்கினால், 'குடையை மடக்குகிறார்' என்று என் வாய் அசைந்தது.

சொல்வதற்கு அவள் விதி வைத்திருந்தாள். "அழகா இருக்கா, சோகமா இருக்கான்னெல்லாம் சொல்லாதீங்க. மூக்கு எப்படி இருக்கு, கை எங்க இருக்கு, அதை மட்டும் சொல்லுங்க. அழகா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

அந்தத் தீவுத் தொடர் பன்னிரண்டு பகுதி. ஒரு தீவுக்கும் கரைக்கும் நடுவே படகு விடும் குடும்பம். அண்ணன், தம்பி, நடுவில் ஓர் அக்கா. அந்த அக்கா படகுத்துறையில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். முதல் பகுதியிலேயே என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அவ பணத்தை வாங்கறப்ப ஆளைப் பாக்கறாளா, பணத்தைப் பாக்கறாளா?" என்று கேட்டாள். பணத்தை என்றேன். "நிஜமா வேலை பாத்தவ" என்றாள். அவளுக்கு 'நடு அக்கா' என்று பெயர் வைத்ததும் என் மனைவிதான். நான்காம் பகுதியில் காய்ச்சல் வந்து நடு அக்கா இறந்துபோனதை, டாக்டர் பேசிய மறுநாள், என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு தடவை சொல்லிவிட்டு ஒதுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் செத்தவளை அந்தக் குடும்பம் விடுவதாக இல்லை. ஐந்தாம் பகுதியில் அண்ணன் கல்லறைக்குப் போய் உட்கார்ந்து பேசினான். ஆறாம் பகுதியில் தம்பி அவள் ஜன்னலில் உட்கார்ந்து அழுதான். அவள் பெயர் திரும்பத் திரும்பக் காதில் விழுந்துகொண்டிருந்தது. நான் அதற்கெல்லாம் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. "லெட்டர் வந்திருக்கு. அண்ணன் படிக்கறான்" என்றேன்.

"படிங்க" என்றாள்.

அன்றைக்குத் திக்கித் திணறி நாலு வரி சமாளித்தேன். அதன் பிறகு அவள் மதியம் தூங்கும் நேரத்தில் சத்தத்தை அடக்கி வைத்து அடுத்த பகுதியை முன்கூட்டியே பார்க்க ஆரம்பித்தேன். எந்த இடத்தில் யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். அந்த நேரத்துக்குப் பொருந்தும்படி நடு அக்காவின் கடிதத்தை நோட்டில் சுருக்கெழுத்தில் எழுதி வைப்பேன். பிற்பகலில் திரையில் அண்ணன் கல்லறையில் புல்லைப் பிடுங்கும்போது, நான் நோட்டைப் பார்த்துக் கோர்ட்டுக் குரலில் படிப்பேன்: "இங்கே என் ஜன்னல் கண்ணாடியில் யாரோ எப்போதோ ஒட்டிய காகிதத்தின் பசை இன்னும் போகவில்லை. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நகத்தால் சுரண்டுகிறேன். இதுவரை ஒரு முகம் தெரியும் அளவுக்குச் சுத்தமாகியிருக்கிறது. அந்த அளவுக்குள் வருகிற முகங்களை மட்டும் பார்க்கிறேன்."

என் மனைவி என் மணிக்கட்டை அழுத்தினாள். "இதை எழுதினவன் ஏதாவது ஒரு கவுண்டர்ல உக்காந்திருக்கான்" என்றாள்.

உண்மையைச் சொல்வதானால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதை அடித்துக் கொடுத்தவன். என் வாக்கியம் ஒன்றை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரக்கத்தால் செய்தேன் என்று முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது. ஏழு கடிதங்கள் எழுதினேன். மூன்றாவது ரொம்ப நீளம்.

இந்தப் பொய்யிலிருந்து வெளியே வர இரண்டு தடவை முயன்றேன். ஐந்தாவது கடிதத்தில் நடு அக்காவுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். அங்கிருந்து மெதுவாக வழிக்குக் கொண்டுவரலாம் என்று கணக்கு. என் மனைவி அன்று சாப்பிடவில்லை. "கூட யாராவது இருக்காங்களான்னு ஒரு வார்த்தை எழுதலையே பாவி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாளே குணமாக்கிவிட்டேன். இன்னொரு நாள், "இது இழுத்துக்கிட்டே போகுது, வேற ஏதாவது பாப்போமா?" என்று கேட்டேன்.

"நான் செத்தாலும் இதை முடிச்சுட்டுத்தான் சாவேன்" என்றாள்.

ஒன்பது பகுதி முடிந்ததும் கருத்து எழுத வேண்டும் என்றாள். அவள் சொல்ல நான் அடித்தேன். "நடு அக்கா நான்காம் பகுதியில் ஊரைவிட்டுப் போகிறாள். அதன் பிறகு அவள் முகத்தை நமக்குக் காட்டுவதே இல்லை. கடிதங்கள் மட்டும். ஆனாலும் தொடரைத் தாங்குவது அவள்தான். இவ்வளவு நேர்மையான எழுத்தை நான் எந்தத் தொடரிலும் கண்டதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழ வேண்டாம்." என் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. "போட்டாச்சா?" என்றாள். போட்டேன்.

மறுநாள் காலை கடைசி வரிசை எழுதியிருந்தார்: "அக்கா, நீங்கள் பார்த்தது எந்தத் தொடர்? நடு அக்கா நாலாவதிலேயே இறந்துவிட்டாரே. கடிதம் எங்கே வருகிறது?" அழித்தேன். மறுபடி வந்தது. மறுபடி அழித்தேன். "கடைசி வரிசை ஒண்ணும் சொல்லலையா?" என்று அவள் கேட்டாள். இல்லை என்றேன். "அவருக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ" என்றாள்.

வீட்டில் தொலைபேசி அவள் கட்டிலருகே இருந்தது. அவள் யார் உதவியும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரே காரியம் அதை எடுத்துப் பேசுவதுதான். நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வைத்ததும், "கடைசி வரிசைங்க! எப்பவோ நம்பர் குடுத்து வெச்சிருந்தேன். வேலை விஷயமா இந்தப் பக்கம் வர்றாராம். சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன். கடைசி எபிசோடை மூணு பேரும் சேந்து பாக்கறோம்" என்றாள்.

"அவருக்கு உன் கண்ணு விஷயம் தெரியாதே."

"தெரியவும் கூடாது. நீங்க முந்தின நாளே எனக்குக் கதையைச் சொல்லி வெச்சிடுங்க. சனிக்கிழமை வாயத் தொறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசிப் பகுதியைச் சொன்னேன். நடு அக்கா திரும்பி வருகிறாள், படகுத்துறையில் எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "பேசிக்கறாங்களா?" என்றாள். இல்லை, காற்றுச் சத்தம் மட்டும் என்றேன். "நல்ல வேளை, பேச விடல" என்றாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நான் படியிறங்கி இரண்டாவது மாடியில் நின்றுகொண்டேன். கடைசி வரிசைக்கு நாற்பது வயதிருக்கும். மருந்துக் கடையில் வேலை. கையில் பழப் பை, நெற்றியில் வியர்வை. அவரை அங்கேயே நிறுத்தி, கண், சிறுநீரகம், கடிதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அதான் என் பின்னூட்டம் காணாமப் போச்சா சார்? நான் ஏதோ நெட் பிரச்சினைன்னு நாலு தடவை போட்டேன்."

"அஞ்சு."

"எண்ணி வேற வெச்சிருக்கீங்க." அவர் பையை வேறு கைக்கு மாற்றினார். "ஒன்பது வருஷமா அக்காவோட சண்டை போட்டிருக்கேன் சார். ஒரு தடவைகூட அவங்க பாக்காததைப் பாத்தேன்னு எழுதினதில்ல."

"இன்னிக்கு ஒரு நாள்."

"வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

மேலே அவள் நல்ல புடவை கட்டி, தன் பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். நேராக என்று அவள் நினைத்துக்கொண்டாள். முகம் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பியிருந்தது. "வாங்க தம்பி, நான் நினைச்சதைவிட ஒல்லியா இருக்கீங்களே" என்றாள் வாசலைப் பார்த்து. காலடிச் சத்தத்தை வைத்துச் சொன்னது. அவர் கதவோரமே நின்று, "ஆமாக்கா" என்றார்.

முக்கால் மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. அத்தனை மாதத்தில் நான் வாயை மூடிக்கொண்டு அந்தத் திரையைப் பார்த்தது அன்றுதான். அவள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, சரியான இடங்களில் தலையை அசைத்தாள். ஒரு கதவு அறைபட்டபோது 'ச்' என்றாள். கடைசி வரிசை திரையைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். முடிவில் குன்றின் மேல் கல்லறை. அண்ணனும் தம்பியும் நிற்கிறார்கள். தம்பி சட்டைப் பையிலிருந்து பழைய டிக்கெட் கட்டு ஒன்றை எடுத்துக் கல்லின் மேல் வைக்க, காற்று அதை ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறது. காற்றுச் சத்தம் மட்டும். அந்த இடத்தில் கடைசி வரிசைக்குத் தாங்கவில்லை. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது.

"ஏன் அழறீங்க?" என்றாள்.

"இல்லக்கா... சந்தோஷமான முடிவு இல்லையா, அதான்..."

"திரும்பி வர்றவளைப் பாத்து அழறவங்களுக்கு மூக்கு இப்படி அடைக்காது. எத்தனை வருஷம் தியேட்டர்ல ஓரமா நின்னு கேட்டிருக்கேன்." அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "எனக்குக் கண்ணு தெரியாது தம்பி. இவர் படியிலயே நிறுத்திச் சொல்லியிருப்பாரு. நீங்க வந்து சேர அவ்வளவு நேரம் ஆச்சு."

அவர் என்னைப் பார்த்தார். "சொன்னாருக்கா."

"அப்ப மீதியையும் சொல்லியிருப்பாரு. அவ எப்ப செத்தா?"

"நாலாவதுல அக்கா."

அவள் தலையசைத்தாள். தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லி, பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தரையில் வைத்துவிட்டுப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஆரம்பித்தாள்.

"எத்தனை லெட்டர்?"

"ஏழு."

"பசையைச் சுரண்டறது நான் உங்களுக்குச் சொன்னது. கல்யாணம் ஆன புதுசுல."

"ஆமா."

"என்னோடதையே எடுத்து எனக்கே படிச்சுக் காட்டி, நல்லாருக்குன்னு என் வாயாலயே சொல்ல வெச்சு, அதை என் பேர்லயே ஊருக்குப் போட்டிருக்கீங்க."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"கண்ணு போனது போச்சு. கருத்துன்னு ஒண்ணுதான் மிச்சம் வெச்சிருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை.

ஞாயிறும் திங்களும் அவள் பேசவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரமும் முகத்தை இயந்திரத்தின் பக்கம் வைத்திருந்தாள். நர்ஸ் வந்து, "என்னம்மா, இன்னிக்கு என்ன படம்?" என்று கேட்டதற்கும் பதில் இல்லை. என்னிடம், "சண்டையா?" என்று கண்ணால் கேட்டாள் நர்ஸ். செவ்வாய்க்கிழமை காலை நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தபோது என் கையை விடவில்லை.

"டாக்டர் உங்களை வெளியே கூப்பிட்டுப் பேசினாரே. அந்த நாலாவது எபிசோடுக்கு முந்தின நாள். என்ன சொன்னாரு?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே."

"நீங்க சொன்னதைக் கேக்கல. அவர் சொன்னது. கோர்ட்டுல திருப்பிப் படிப்பீங்களே, அப்படிப் படிங்க."

திரைச்சீலை மூடியிருந்தது. அந்த அறையில் எனக்குப் போக வேறு இடமில்லை. படித்தேன். "இதயம் ரொம்பத் தளர்ந்துபோச்சு. இனிமே மருந்தைக் கூட்டிப் பிரயோஜனம் இல்ல. ஆறு மாசம், அதுக்கு உள்ளயும் இருக்கலாம். வீட்டுல சொல்லிடுங்க."

"வீட்டுல சொல்லிடுங்கன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"வீடுன்னா நான்தானே?"

"ஆமா."

கீழே யாரோ ஒரு பாத்திரத்தைப் போட்டு உருட்டினார்கள். அவள் விரல்கள் என் மணிக்கட்டில் ஏறி, வழக்கமான இடத்தைத் தேடி உட்கார்ந்தன.

"அந்த மூணாவது லெட்டர் இழுவை" என்றாள். "அன்னிக்கே சொல்லணும்னு நினைச்சேன்."

"தெரியும்."

"நாலாவது எபிசோடைப் போடுங்க."

"இப்பவா?"

"பாக்காம எழுதினது ஒண்ணு என் பேர்ல நிக்குது. பாத்துட்டுத்தான் திருத்தணும். ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

போட்டேன். காய்ச்சல் வரும் இடத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்துணி, உதட்டில் வெடிப்பு, யார் வந்தார்கள், யார் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்கள், ஜன்னல் பாதி திறந்திருந்தது, கால் பக்கம் போர்வை விலகியிருந்தது. அவள் குறுக்கே கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அண்ணன் கையை எடுத்துப் போர்வைக்குள்ள வைக்கறான்" என்றேன்.

"எந்தக் கை?"

"இடது."

"அவன் என்ன சொல்றான்?"

"மூச்சு நின்னுடுச்சுங்கறான்."

அவள் விரல்கள் என் மணிக்கட்டில் அசையவில்லை. "வாய் எப்படி இருக்கு?"

"கொஞ்சம் திறந்திருக்கு. கீழ்ப்பல்லு ரெண்டு தெரியுது."

"அப்ப பரவாயில்ல, வேலை தெரிஞ்சவதான்." பிறகு, "மூச்சு விடறாளா, பாருங்க" என்றாள்.

"செத்துட்டாளே."

"அது கதையில. நடிக்கறவளைக் கேக்கறேன். எவ்வளவு நேரம் அடக்குவா? கிட்டப் போய்ப் பாருங்க."

கையை விடுவித்துக்கொண்டு எழுந்துபோய்த் திரையின் முன்னால் மண்டியிட்டேன். அவ்வளவு நெருக்கத்தில் முகம் புள்ளி புள்ளியாகச் சிதறியது. போர்வைக்கு மேலே, இரவு உடுப்பின் கழுத்தில் வெள்ளைப் பொத்தான் ஒன்று இருந்தது. அதையே பார்த்தேன். அண்ணன் கையை உள்ளே வைத்தான், தம்பி சுவரோடு நின்றான். பொத்தான் அசையவில்லை. காட்சி முடியப்போகும் தறுவாயில் ஒரு நூலளவு மேலே எழுந்து இறங்கியது.

"விடறா" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுதா?"

"பொத்தான் அசையுது."

"இன்னொரு தடவை பாருங்க."

ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டினேன். அண்ணன் மறுபடி அந்தக் கையை எடுத்தான். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் அவள் சுவாசிப்பது, உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசிலோடு, கேட்டது. கண்ணைப் பொத்தானிலிருந்து எடுக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடல் இரைந்தது. தம்பி சுவருக்குப் போனான். பொத்தான் இன்னும் எழவில்லை.